பாட்டும் பெயரும்: மதுரகவி பாஸ்கரதாஸின் வாழ்வு பற்றி மண்டூரிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமாகிய படுவான்கரையில், குருமண்வெளித் துறைக்கு எதிராக அமைந்துள்ள ஊர் மண்டூர். சின்னக் கதிர்காமம் என இப்பகுதி மக்களாற் போற்றப்படும் முருகன் ஆலயத்தினால் இவ்வூர் புகழ் பெற்றது. கப்புகனார் வாயைத் துணியாற் கட்டி மந்திரமின்றிப் பூசை செய்யும் அவ்வாலயத்தைச் சூழ்ந்து வாழ்வோருக்கு வள்ளியின் கதை ஏட்டிலிருந்து கற்ற கதையன்று. அது அவர்தம் அன்றாட வாழ்வோடு கலந்தது. தினைப்புனமும் கவண்கல்லும் ஆலோலமும், வயலிற் கிளி துரத்திய சிறுமியருக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியவையல்ல.

இத்தகைய ஊரில் பாட்டுக்குக் குறைவில்லை. வேளாண்மைப் பாட்டு, வசந்தன் பாட்டு, காவியம், கூத்துப் பாட்டு என அது பல்கிப் பெருகியுள்ளது. தி. சதாசிவ ஐயர் 1940 இல் வெளியிட்ட 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' இச்செல்வத்தின் ஒரு பகுதியை அச்சேற்றியது. மண்டூரைச் சேர்ந்த பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' அதன் சமூகப் பின்னணியைத் தமிழுலகிற்கு எடுத்துக் கூறியது. ஆயினும் 'இப்பாட்டை எழுதியவர் யார்?' என்ற வினாவை எழுப்பினால், பெரும்பாலான வேளைகளில் விடை மௌனமே. கூத்தாயின் அதனைப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரைக் கூறுவர். கொப்பியை வைத்திருந்தவரின் பெயரைக் கூறுவர். ஆக்கியோனின் பெயர் பல வேளைகளில் எவருக்கும் தெரிவதில்லை.

பாட்டு நிலைத்து நிற்கப் பாட்டைக் கட்டியவன் மறைந்துபோவது ஏன்? இது கிராமியப் பாடலுக்கு மட்டுமே உரிய இயல்பா? அன்றி, அச்சும் இசைத்தட்டும் பேசும்படமும் தோன்றிய பின்னரும் தொடர்ந்த ஒரு சமூக நிலைமையா? இவ்வினாக்களுக்கு விடை காணும் நோக்குடன், தமிழின் முதல் வெகுசனப் பாடலாசிரியர்களுள் முக்கியமானவரான மதுரகவி பாஸ்கரதாஸின் (1892 - 1952) வாழ்வினை நாம் இங்கு ஆராய முனைகின்றோம்.

நாடக மேடையும் பாடலாசிரியனும்

பாஸ்கரதாஸின் இயற்பெயர் வெள்ளைச்சாமி. விளாத்திகுளத்திற்கு அண்மையிலுள்ள நாகலாபுரம் அவரது சொந்த ஊர். கரிசல் நிலத்தைச் சேர்ந்த அவரை உருவாக்கியது மதுரை நகரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மதுரை தமிழ் நாடகத் தொழிலின் தலைநகராக விளங்கியது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் முதலிய நாடகங்களுக்கு ஒரு பொதுப் பாடத்தை வகுத்தளித்திருந்தார். அப்பாடத்தைத் தனித்தனியே கற்ற நடிகர்கள் எந்த ஊரிலும் எவருடனும் சேர்ந்து மேடையேற முடிந்தது. இவ்வாறு தோன்றியதே 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் முறை.

இம்முறையின் இயக்கத்தை விளங்கிக் கொள்ளாமல் பாஸ்கரதாஸை விளங்கிக் கொள்ள இயலாது. ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு இல்லை. கூட்டு ஒத்திகையும் இல்லை. முருகனாக நடிப்பவர் ஓர் ஊரிலிருந்தும் வள்ளியாக நடிப்பவர் வேறோர் ஊரிலிருந்தும் வருவர். ஆர்மோனியக்காரரை அன்று மாலைதான் சந்திப்பர். கதை எல்லோருக்கும் தெரிந்ததாகலின், நடிகரிடம் புதிதாக எதிர்பார்க்கப்பட்டது பாட்டே. போட்டியில் வெல்லவும் கூலியை உயர்த்தவும் ஒவ்வொரு நடிகருக்கும் பிறரிடம் இல்லாத பாட்டுத் தேவைப்பட்டது. நாடகத்தின் கட்டுக்கோப்புத் தளர்ந்திருந்தமையால், கதையோடு தொடர்பற்ற பாட்டையும் இடையிற் பாடிவிட முடிந்தது.

இத்தேவையை நிறைவேற்றிய புதிய தொழிலாளியே பாடலாசிரியன். அவன் அரசவைப் புலவனல்லன். மடத்தின் ஆதரவில் வாழ்ந்த வித்துவானுமல்லன். நடிகர், நாடக ஒப்பந்தக்காரர், குஜிலிப் பதிப்பாளர், பின்னர் இசைத்தட்டு நிறுவனத்தார் ஆகியோரிடம் தன் பாட்டை விற்று வாழ வேண்டியவன். புலவன் சந்தைக்கு வந்த இவ்வரலாற்றுக் கட்டத்தின் பிரதிநிதியாகவே பாஸ்கரதாஸை நாம் காண்கின்றோம். மரபுவழி ஆதரவு முறை சிதைந்து, காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கும் புதிய சுவைஞர் கூட்டம் உருவாகிய காலம் அது. அக்கூட்டத்தில் கூலித் தொழிலாளரும் வண்டிக்காரரும் சிறு வணிகரும் இருந்தனர். அவர்களின் செவிக்கு எட்டும் சொல்லில், மனத்திற் பதியும் மெட்டில் பாடல் அமைய வேண்டியிருந்தது. கீர்த்தனையின் பல்லவி, அனுபல்லவி, சரண அமைப்போடு பார்சி நாடகக் குழுக்கள் கொணர்ந்த வடநாட்டு மெட்டுக்களும் அக்கால மேடையிற் கலந்தமைக்குக் காரணம் இதுவே.

வெள்ளைக் கொக்கும் அரசாங்கமும்

1919 ஆம் ஆண்டு இந்தியத் தேசிய இயக்கத்தில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஏப்ரல் 13 இல் அமிர்தசரஸ் நகரின் ஜாலியன்வாலாபாக்கில் நிகழ்ந்த படுகொலை, அதுவரை படித்தோரின் அவைகளில் நிலவிய அரசியலைத் தெருவுக்குக் கொணர்ந்தது. ஒத்துழையாமை இயக்கமும் (1920 - 1922) சட்டமறுப்பு இயக்கமும் (1930) எழுத்தறியாத மக்களைச் சென்றடைய வேண்டியிருந்தது. செய்தித்தாள் எட்டாத இடத்திற்குப் பாட்டு எட்டியது. கதர், இராட்டை, மதுவிலக்கு, பஞ்சாப் படுகொலை ஆகியவை மேடைப் பாட்டின் பொருளாயின. பாஸ்கரதாஸ் அப்பாட்டுக்களின் முதன்மையான ஆசிரியர்களுள் ஒருவரானார்.

அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1876 ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம், அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டும் நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தை அதற்கு வழங்கியிருந்தது. ஆனால் சட்டத்தின் கை நாடகப் பிரதியைப் பற்றியதே தவிர, பிரதியில் இல்லாத பாட்டை எளிதிற் பற்ற முடியவில்லை. வள்ளி திருமணம் என்ற நாடகத்தின் பெயரிலோ கதையிலோ குற்றம் காண எவருக்கும் இயலாது. தினைப்புனத்திற் பறவையோட்டும் கதையைக் கொண்ட அந்நாடகத்தில் ஒரு வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவதும் இயல்பானதே. ஆயினும் அக்கொக்கு எது என்பதை மேடையின் முன் மண்ணில் அமர்ந்திருந்த ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர். பாஸ்கரதாஸ் இயற்றியதென அறியப்படும் அக்கொக்குப் பாட்டு, தமிழ் நாடக வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. நேரிற் சொல்ல முடியாததைப் பழங்கதையின் உருவகத்துட் பொதிந்து வைக்கும் உத்தி அதனுட் செயற்பட்டது. கூத்துக் களரியில் கட்டியக்காரனும் கோமாளியும் ஊர்ப் பெரியோரைச் சாடுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வுத்தி புதியதன்று.

இப்பாட்டுக்களைப் பாடிச் சிறை சென்றோருள் எஸ். எஸ். விசுவநாததாஸ் (1886 - 1940) தலையாயவர். சிவகாசியில் மருத்துவர் சமூகத்திற் பிறந்த அவருடன் சாதி காரணமாக மேடையேற மறுத்தோரும் இருந்தனர். பல முறை கைதுசெய்யப்பட்டும் பாடுவதை விடாத அவர், 1940 ஆம் ஆண்டின் இறுதி நாளன்று சென்னையில், வள்ளி திருமணம் நாடகத்தில் முருகனாக மயில்மீது அமர்ந்த கோலத்திலேயே உயிர் நீத்தார். இந்நிகழ்ச்சியை அறிந்தோர் பலர். அவர் பாடிய பாட்டுக்களை இயற்றியவரை அறிந்தோர் சிலரே. பாடலாசிரியனுக்கும் பாடகனுக்கும் இடையிலான உறவின் தன்மையை இது தெளிவுபடுத்துகின்றது. பாடகனின் உடல் மக்கள்முன் நின்றது. சட்டம் அவ்வுடலைப் பற்றியது. புகழும் அதனையே சேர்ந்தது. பாட்டைக் கட்டியவனோ திரைக்குப் பின்னால் நின்றான்.

மூன்று நிமிடப் பாட்டு

இந்தியாவில் 1902 இல் கல்கத்தாவில் முதன்முதலாக வணிக அடிப்படையில் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 1908 இல் அந்நகரில் இசைத்தட்டு அழுத்தும் தொழிற்சாலை தொடங்கியபின், தட்டுக்கள் உள்நாட்டிலேயே உற்பத்தியாயின. 1925 அளவில் மின்வழி ஒலிப்பதிவு முறை வந்ததும் குரலின் நுட்பம் தெளிவாகப் பதிவாயிற்று. இம்மாற்றங்கள் வெறும் தொழில்நுட்ப மாற்றங்களல்ல. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட முடியும். மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடப்பட்ட பாட்டு, பல்லவியும் ஓரிரு சரணங்களுமாகச் சுருங்க வேண்டியதாயிற்று. எடுப்பிலேயே கேட்போனைக் கவர வேண்டிய கட்டாயமும் எழுந்தது. இன்று 'பாட்டு' என்றதும் நம் மனத்தில் எழும் அளவும் வடிவமும் இத்தட்டின் விட்டத்தினால் தீர்மானிக்கப்பட்டவை எனின் மிகையாகாது.

இசைத்தட்டு பாட்டை நாடகத்திலிருந்து முற்றாகப் பிரித்தெடுத்தது. பெட்டிக் கிராமபோன் உள்ள தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும், கதை தெரியாதோரும் பாட்டைக் கேட்டனர். கே. பி. சுந்தராம்பாள் (1908 - 1980) முதலிய பெரும் குரல்கள் இத்தட்டுக்களின் வழியாகக் கடல் கடந்தன. தட்டு வருவதற்கு முன்பே நடிகர்களும் இலங்கைக்கு வந்திருந்தனர். சுந்தராம்பாளும் எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906 - 1933) இணைந்து நடிக்கத் தொடங்கியது 1926 அளவில் கொழும்பிலாகும். யாழ்ப்பாணத்தில் இம்மரபு வேரூன்றி, நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 - 1989) போன்ற பெருங் கலைஞர்களைத் தோற்றுவித்தது. மட்டக்களப்பிலோ வடமோடி, தென்மோடிக் கூத்துக்களின் வலிமை காரணமாக அது அத்துணை ஆழமாகப் பரவவில்லை.

1931 ஒக்டோபர் 31 இல் சென்னையில் திரையிடப்பட்ட 'காளிதாஸ்', தமிழின் முதற் பேசும்படமெனக் கொள்ளப்படுவது. எச். எம். ரெட்டி இயக்கத்தில் பம்பாயில் இம்பீரியல் நிறுவனம் தயாரித்த அப்படத்திற் பாத்திரங்கள் தமிழிலும் தெலுங்கிலும் பேசினர். அதற்குப் பாடல் எழுதியவர் பாஸ்கரதாஸ். வடமொழிப் புலவனின் கதையைக் கூறும் அப்படத்தில் டி. பி. இராஜலட்சுமி காந்தியடிகளின் இராட்டையைப் போற்றிப் பாடினார். காளிதாசனுக்கும் கைராட்டைக்கும் என்ன தொடர்பு என இன்றைய விமர்சகன் வினவக்கூடும். ஆனால் ஸ்பெஷல் நாடகத்தின் சுவைஞனுக்கு அதில் வியப்பேதும் இல்லை. கதையிலிருந்து விலகி நின்று காலத்தோடு பேசும் மேடைப் பாட்டின் உரிமையைப் பாஸ்கரதாஸ் அப்படியே வெண்திரைக்குக் கொண்டு சென்றார். தமிழ்ப் படத்தில் பாட்டுக்கு வாய்த்த தனியிடத்தின் தொடக்கம் இங்கேயே உள்ளது. இத்தொடர்பை முறையாக ஆராய்ந்து 1981 இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டவர் சு. தியடோர் பாஸ்கரன்.

தைவானிலிருந்து ஓர் ஒப்புமை

இதே ஆண்டுகளில் யப்பானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்த (1895 - 1945) தைவானில், ஹொக்கியன் மொழியில் வெகுசனப் பாட்டுப் பிறந்த வரலாறு நமது ஆய்வுக்குத் துணைபுரிகின்றது. 1932 இல், சாங்காயிலிருந்து வந்த ஒரு மௌனப் படத்திற்கு விளம்பரமாக எழுதப்பட்ட பாட்டே அங்கு முதற் பெருவெற்றி பெற்றது. அதை எழுதிய சான் தியென்-மா, மௌனப் படங்களுக்குத் திரையருகே நின்று கதை விளக்கும் தொழிலைச் செய்தவர். அதனைப் பாடிய சுன்-சுன் என்ற பெண் உள்ளூர் இசைநாடக மேடையிலிருந்து வந்தவர். அடுத்த ஆண்டில் புகழ்பெற்ற லீ லின்-சியூ (1909 - 1979) என்ற பாடலாசிரியரோ, தாய்பேயில் ஓர் அரங்கிலே தேநீர் பரிமாறும் பையனாகத் தொழில் தொடங்கியவர். மேடை, திரை, இசைத்தட்டு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்திலே, கல்விக் கழகங்களுக்கு வெளியே, பேச்சுமொழிக்கு அண்மையில் பாடலாசிரியன் தோன்றுவதை இங்கும் காண்கின்றோம்.

அதன் பின் நிகழ்ந்தது நம் கவனத்திற்குரியது. 1937 இல் சீனாவுடனான போர் மூண்டதும் யப்பானிய அரசு ஹொக்கியன் பாட்டை ஒடுக்கத் தொடங்கியது. மக்கள் நெஞ்சிற் பதிந்த மெட்டுக்களை அது அழிக்கவில்லை, எடுத்துக்கொண்டது. தெங் யூ-சியென் (1906 - 1944) இசையமைத்த மூன்று புகழ்பெற்ற காதல், சோகப் பாட்டுக்களின் மெட்டுக்களுக்கு யப்பானிய மொழியிற் புதிய சொற்கள் பொருத்தப்பட்டன. மழையிரவில் உதிர்ந்த மலருக்காக இரங்கிய மெட்டு, போர்முனைச் சுமைகூலியாளின் பெருமையைப் பாடும் படைப்பாட்டாயிற்று.

பாட்டின் வலிமை, அது தன் இடத்தையும் ஆசிரியனையும் விட்டுப் பிரிந்து செல்ல வல்லது என்பதிலேயே உள்ளது. வெள்ளைக் கொக்கைப் பழங்கதைக்குள் மறைத்துச் சட்டத்தை ஏமாற்றியதும், காளிதாசனின் கதைக்குள் இராட்டையைச் சுழல வைத்ததும் அந்த வலிமையே. ஆனால் அதே வலிமை பாட்டின் பலவீனமும் ஆகும். பிரிந்து செல்வது எவர் கையிலும் சிக்கும். மக்களுக்காகப் பிறந்த மெட்டு மக்களை ஒடுக்குவோருக்கும் பணிபுரியும். பாட்டு யாரால், எப்போது, எந்நிலையில், எவரை நோக்கிக் கட்டப்பட்டது என்ற அறிவு நம்மிடம் இருந்தாலன்றி இம்மாற்றத்தை நாம் இனங்காணவும் முடியாது. பாடலாசிரியனின் வாழ்வை ஆராய்வது வெறும் புகழ்மாலை சூட்டும் செயலன்று. பாட்டின் பொருளைக் காக்கும் செயல் என நாம் கூறுவது இக்காரணம் பற்றியே.

மதிப்பீடு

பாஸ்கரதாஸைக் குறையற்றவராகக் காட்டுவது நமது நோக்கமன்று. அவரது காலத் தேசியப் பாட்டு, காந்தியடிகளை அவதார புருடராக உயர்த்திப் பாடியதேயன்றி, உழவனின் கடனையும் ஆலைத் தொழிலாளியின் கூலியையும் பேசியது குறைவு. அந்நியனைக் கொக்காகக் கண்ட அப்பாட்டு, உள்ளூர் நிலக்கிழாரைப் பெரும்பாலும் காணாதே சென்றது. தேசிய இயக்கத்தின் தலைமை எவ்வர்க்கத்தின் கையில் இருந்ததோ அவ்வர்க்கத்தின் பார்வை எல்லையே பாட்டின் எல்லையுமாயிற்று. அவ்வெல்லையைக் கடக்க உடுமலை நாராயணகவியும் (1899 - 1981), அவருக்குப் பின் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரமும் (1930 - 1959) தோன்ற வேண்டியிருந்தது. எனினும் அவர்கள் நடந்த பாதையை வெட்டியவர் பாஸ்கரதாஸ் தலைமுறையினர் என்பதை மறுத்தல் இயலாது. எழுத்தறியாத கேட்போனை அரசியல் மனிதனாக மதித்து அவனை நோக்கிப் பாடியமை சிறு சாதனையன்று.

இவ்வளவிருந்தும் தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பல அவரை ஒரு வரியிலேனும் குறிப்பிடுவதில்லை. புலவர் மரபினருக்கு அவர் நாடகக்காரர். சங்கீத வித்துவான்களுக்கு அவர் மெட்டுக்குப் பாட்டெழுதியவர். திரையுலகுக்கு அவர் பழையவர். அவர் மீண்டும் அறியப்பட்டதற்குப் பெருங் காரணம் அவர் பேணிய நாட்குறிப்புக்களே. நாடகக்காரர், பயணம், இசைத்தட்டுத் தொழில் என அன்றாட வாழ்வைப் பதிந்த அக்குறிப்புக்களை அவர் பேரனும் நாடக நெறியாளருமான ச. முருகபூபதி தொகுத்து, இந்நூற்றாண்டில் நூலாக்கினார். அறிஞரின் நூல்கள் மறந்த ஒரு தொழிலாளியின் வரலாற்றை அவன் கைக்குறிப்பே காத்தது.

மண்டூருக்குத் திரும்புவோம். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோது மட்டக்களப்புக் கூத்து கற்றோரின் மதிப்பைப் பெற்றது. அதன் பின் வந்த போரும் இடப்பெயர்வும் படுவான்கரையின் வீடுகளைக் குலைத்தன. வீடு குலைந்தபோது ஏடும் கொப்பியும் எஞ்சியிருப்பது அரிது. 2009 இல் போர் முடிந்தபின் இன்று கூத்துக்கள் மீண்டும் களரி ஏறுகின்றன. பாட்டுக்கள் பதிவாகிப் பரவுகின்றன. அண்ணாவியாரின் மெட்டு அவர் அறியாத ஊர்களிலும் ஒலிக்கின்றது. ஆனால் ஊரின் பெயரும் ஆக்கியோனின் பெயரும் அதனுடன் செல்வதில்லை.

எனவே நமது மாணவர்கள் செய்யத்தக்க பணி எளியது, ஆயினும் அவசரமானது. கூத்துக் கொப்பி ஒன்றைக் காணும்போது பாட்டை மட்டும் படியெடுத்து வருதல் போதாது. இதனை எழுதியவர் யார், படியெடுத்தவர் யார், எந்த ஆண்டில் எந்தக் களரிக்காக எழுதப்பட்டது, எந்தப் பாட்டு இடையிற் சேர்ந்தது, சேர்த்தமைக்குக் காரணம் என்ன என்பவற்றை வயது முதிர்ந்தோரிடம் கேட்டு அதே தாளில் எழுதிவைத்தல் வேண்டும். பாஸ்கரதாஸ் தமக்குத்தாமே செய்துகொண்ட அப்பணியை, எழுதிவைக்க வாய்ப்பற்றிருந்த நம் அண்ணாவிமாருக்கு நாம் செய்தாக வேண்டும். மக்கள் பாட்டை மக்களின் சொத்து என்று கூறுவது சரியே. அம்மக்களுள் அதனைக் கட்டியவனும் ஒருவன் என்பதை மறவாதிருப்பதே ஆய்வாளரின் கடமையாகும்.